பச்சைத் துருத்திக்கு என்ன விலை? பழைய மடக்குக் கேமரா சேர்க்க வருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிப்பதற்கு முன் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய கேமரா சேர்ப்பவன் என்று யாரோ சொல்லியிருந்ததால் வந்து பார்க்கச் சொன்னார்கள். வீட்டு மாமி தகரப் பெட்டியின் அடியிலிருந்து நேரியதுத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொருளை எடுத்து என் கையில் வைத்தார். “இத ஆக்கர் கடையில எடைக்குப் போட்டா என்னத்த கிட்டும் மக்களே?” என்று கேட்டார்.

பிரித்தால் உள்ளே பச்சை நிறக் கோடக் பெட்டீட். உள்ளங்கையில் அடங்கிவிடும் மடக்குக் கேமரா. கைப்பிடி வாரை விலக்கிப் பார்த்தேன். வாரின் அடியில் மட்டும் நல்ல இலைப் பச்சை, மற்ற இடமெல்லாம் வெந்த கீரையின் நிறத்துக்கு வெளுத்திருந்தது. முன்கதவைத் திறந்து இழுத்தால், லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே மடிந்து விரியும் துருத்தியும் அதே பச்சை. ஜன்னல் பக்கம் பிடித்தபோது இரண்டு மூலைகளில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. மாமியின் அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். ஊர் திரும்பிய வெள்ளைக்கார அம்மா ஒருவர் விட்டுப்போன பொருள் இது.

“துருத்திய மாத்திட்டா படம் எடுக்கலாம்லா அண்ணாச்சி?” என்றார் மாமியின் மகன். நான் அவசரமாகத் தடுத்தேன். அந்தப் பச்சைத் துருத்திதான் அந்தக் கேமராவின் விலை. அதைக் கழற்றிக் கறுப்புத் துருத்தி போட்டால் படம் வரும், பெரும்பாலான மதிப்பு போய்விடும்.

புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். பழசு என்பதற்காக யாரும் பெரிய விலை கொடுப்பதில்லை. நூறு வயதான கறுப்பு மடக்குக் கேமராக்கள் உலகமெங்கும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. அழகுக்காகச் செய்யப்பட்டவற்றில் நிறம், துருத்தி, உறை, பெட்டி எல்லாம் பிறந்தபடியே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் விலை ஏறும், இறங்கும்.

எதைத் தேடுகிறோம்

அழகுக் கேமரா என்றால் எல்லோரும் முதலில் சொல்வது 1920களின் கடைசியில் கோடக் கொண்டுவந்த வண்ண வரிசையை. அதுவரை கேமரா என்றாலே பெரும்பாலும் கறுப்பு. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் 1928-ல் வேனிட்டி கோடக் வந்தது. அதன் ஐந்து நிறங்களுக்கும் பறவைப் பெயர்கள் வைத்தார்கள். நீலத்துக்கு புளூபேர்ட், பச்சைக்கு காக்கட்டூ, பழுப்புக்கு ஜென்னி ரென், சிவப்புக்கு ரெட்பிரெஸ்ட், சாம்பலுக்கு சீ கல். கேமராவின் நிறத்துக்கு ஒத்த, உள்ளே சாட்டின் துணி தைத்த உறையும் உண்டு.

அடுத்த ஆண்டே பெட்டீட் வந்தது. நீலம், பச்சை, சாம்பல், இளம் ஊதா, ரோஜா என்று ஐந்து நிறம். இதே கேமராவை லிப்ஸ்டிக், பவுடர் டப்பி, முகம் பார்க்கும் கண்ணாடி, சில்லறை வைக்கும் பை ஆகியவற்றோடு ஒரே உறையில் வைத்து ஆன்சாம்பிள் என்ற பெயரில் விற்றார்கள். 1930-ல் கொக்கெட். அதுவும் பெட்டீட்தான். வால்ட்டர் டோர்வின் டீக் என்ற வடிவமைப்பாளர் முகப்பில் கோணக் கோலம் போட்டு, அதே கோலத்தில் லிப்ஸ்டிக் குழலும் பவுடர் டப்பியும் சேர்த்துக் கொடுத்தார். அதே ஆண்டில் அவர் செய்த கிஃப்ட் கோடக் இன்னொரு அருமையான பொருள். பழுப்புத் தோல், எனாமல் முகப்பு, முகப்பின் கோலமே மூடியிலும் வரும் தேவதாருப் பெட்டி என்று எல்லாம் ஒரே சேர்க்கை. 1936-ல் வந்த பேண்டம் ஸ்பெஷலும் டீக் செய்ததுதான். கறுப்பு எனாமலும் வெள்ளிக் கோடுகளுமாக, மூடி வைத்தால் சிப்பி மாதிரி இருக்கும். என் கண்ணுக்கு மடக்குக் கேமராக்களில் அதைவிட அழகான ஒன்று கிடையாது.

இவை வந்த நேரத்தையும் பாருங்கள். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. ஆடம்பரச் சாமான் வாங்க ஆள் குறைந்த காலம் அது. லிப்ஸ்டிக்கும் கண்ணாடியும் உடையாமல் இன்றுவரை முழுசாக வந்து சேர்ந்த செட் அபூர்வம்.

இரண்டாவது கூட்டம் ‘டிராபிகல்’ கேமராக்கள். நம்மைப் போன்ற ஈர நாடுகளுக்கென்றே இங்கிலாந்தும் ஜெர்மனியும் செய்தவை. பசை விட்டுவிடும் என்று தேக்கு உடலைப் பித்தளைப் பட்டை வைத்து இறுக்கினார்கள். துருத்திக்குப் பூச்சி அரிக்காத ரஷ்யத் தோல், சிவப்பு அல்லது பழுப்பு நிறத்தில். சாண்டர்சன், எர்னெமான், கான்டெஸா-நெட்டல் ஆகிய பெயர்களைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். கடைசி இரண்டும் 1926-ல் இன்னும் இரு நிறுவனங்களோடு சேர்ந்து சைஸ் ஐகான் ஆயின. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டும், போலியும் அதிகம். தொடக்கக்காரர்கள் பார்த்துப் பழகுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை. சிவப்புத் தோல் துருத்தியோடு வந்த ஆரம்பகால மடக்கு பாக்கெட் கோடக்குகள். 1903-ல் வந்த 3ஏ மாடல் அஞ்சலட்டை அளவுக்குப் படம் எடுக்கும். திறந்து அலமாரியில் வைத்தால் வீட்டுக்கு வருகிற எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். முதல் கேமராவாக இதையே வாங்கச் சொல்வேன்.

வெஸ்ட் பாக்கெட் கோடக்கையும் சொல்லாமல் விட முடியாது, அது வெறும் கறுப்புதான் என்றாலும். 1912-ல் வந்தது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் சட்டைப் பையில் வைத்திருந்ததால் சிப்பாய்க் கேமரா என்றே பெயர். 1924-ல் எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போன மாலரிக்கு இந்தக் கேமராவைக் கொடுத்தனுப்பியவர் ஹாவர்ட் சாமர்வெல். நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு காலம் அறுவை மருத்துவராக இருந்த அதே சாமர்வெல்தான். மாலரி திரும்பவில்லை. 1999-ல் உடல் கிடைத்தபோது கேமரா அதனோடு இல்லை. நெய்யூர் அப்போது திருவிதாங்கூர், 1956 முதல் தமிழ்நாடு. எங்கள் எல்லைப் பக்கத்தில் வெஸ்ட் பாக்கெட் ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வரும்.

கையில் எடுத்ததும்

திறக்கவும் மூடவும் தெரியாமல்தான் பாதிக் கேமராக்கள் கெடுகின்றன. முன்கதவைத் திறக்கும் பொத்தான் பல மாடல்களில் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் சின்ன மேடு தட்டுப்படும், அதை அழுத்துங்கள். நகத்தாலோ ஸ்குரூ டிரைவராலோ நெம்ப வேண்டாம். கதவு திறந்ததும் லென்ஸ் நிற்கும் சட்டத்தைக் கீழ்ப்பிடியில் பிடித்து மெல்ல வெளியே இழுங்கள். லென்ஸைப் பிடித்து இழுக்கக் கூடாது.

மூடும்போது இன்னும் கவனம். சட்டம் மேலோ பக்கவாட்டிலோ நகர்ந்திருந்தால் முதலில் நடுவுக்குக் கொண்டுவரவும். பிறகு பின்னால் முழுதாகத் தள்ளவும். அதற்கப்புறம்தான் கதவின் இரு பக்கத் தாங்கிகளை அழுத்திக் கதவை ஏற்ற வேண்டும். கதவு மூட மறுத்தால் ஏதோ ஒன்று இடத்தில் இல்லை என்று பொருள். அழுத்தினால் துருத்தியின் மடிப்பு கதவில் மாட்டிக் கிழியும்.

சரி, திறந்தாயிற்று. இனி துருத்தி. வீட்டில் ஒரு அறையை இருட்டாக்கி, பின்பக்கக் கதவைத் திறந்து, சின்ன டார்ச்சை உள்ளே வைத்துத் துருத்தியை முழுதாக இழுத்துப் பாருங்கள். ஓட்டை எப்போதும் மூலை மடிப்புகளில்தான் முதலில் விழும். அழகுக்காக வாங்குகிறவருக்கு இரண்டு மூன்று ஊசி ஓட்டை பெரிய குறை கிடையாது. துருத்தி பிறந்த துருத்தியா என்பதே பெரிய கேள்வி. பெட்டீட், வேனிட்டி போன்றவற்றின் வண்ணத் துருத்திகள் நொய்தானவை. அந்தக் காலத்திலேயே பலர் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். வண்ண உடலில் கறுப்புத் துருத்தி இருந்தால் மாற்றியது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

நிறத்தைச் சோதிக்க நான் மாமி வீட்டில் செய்ததையே செய்யலாம். வெளிச்சம் படாத இடம் பாருங்கள். கைப்பிடி வாரின் அடி, தாழ்ப்பாளின் அடி, பின்கதவின் உள்விளிம்பு. அங்கே வெளியில் இருக்கும் நிறமே கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் நல்லது. அங்கே கறுப்பு தெரிந்தால் யாரோ பின்னாளில் சாயம் பூசியிருக்கிறார்கள். வெளியே எங்கும் ஒரே சீராக, புது மிட்டாய் மாதிரி மின்னினாலும் சந்தேகப்படுங்கள். தொண்ணூறு வருடத்துத் தோல் அப்படி இருக்காது.

தோலின் மேல் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அடியில் இருக்கும் பித்தளை ஆணிகள் பச்சைக் களிம்பு பிடித்துத் தோலைத் தூக்குகின்றன. சைஸ் ஐகான் கேமராக்களில் இது மிகச் சாதாரணம், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குத்தி அமுக்கப் பார்க்காதீர்கள், தோல் கிழியும்.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கிளைத்திருந்தால் ஃபங்கஸ். எங்கள் பக்கத்தில் அது இல்லாத லென்ஸ் கிடைப்பதே அதிர்ஷ்டம். கேமரா அலமாரியில் உட்காரப் போகிறது என்றால் ஃபங்கஸுக்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், வாங்காமல் விட வேண்டாம். மற்ற கேமராக்களோடு ஒரே பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். ஷட்டரில் டி, பி, ஐ என்ற எழுத்துகள் இருக்கும். டி-யில் ஒரு அழுத்து அழுத்தினால் திறக்கும், மறு அழுத்தில் மூடும். பி-யில் விரல் எடுக்கும் வரை திறந்திருக்கும். ஐ என்றால் கண் சிமிட்டும் நேரம். நின்றுபோயிருந்தால் தையல் மிஷின் எண்ணெய் விடும் பழக்கம் இங்கே உண்டு. எண்ணெய் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பரவி ஒட்டிக்கொள்ளும், பிறகு நல்ல மெக்கானிக் கையிலும் பாடுதான்.

கோடக்குகளில் பின்பக்கம் ஒரு நீளக் கதவும் அதோடு ஒரு உலோகக் குச்சியும் இருந்தால் அது ஆட்டோகிராஃபிக் மாடல். படத்தின் ஓரத்தில் தேதியும் குறிப்பும் எழுதத்தான் அந்தக் குச்சி. ஹென்றி கெய்ஸ்மன் கண்டுபிடித்ததை கோடக் 3 லட்சம் டாலருக்கு வாங்கியது. முதலில் தொலைவது அந்தக் குச்சிதான். அது இருக்கிறதா என்று கேட்டாலே விற்பவருக்கு நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

வயது கண்டுபிடிக்க, உள்ளே அச்சடித்த காப்புரிமைத் தேதிகளில் கடைசித் தேதியைப் பாருங்கள். கேமரா அதற்குப் பிறகு செய்யப்பட்டது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். 1910 என்று போட்டிருப்பதால் 1910-ல் செய்தது என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்கதவின் உள்ளே ஃபிலிம் எண்ணும் இருக்கும். 120 என்றால் இன்றும் ஃபிலிம் வாங்கிப் படம் எடுக்கலாம். 127 தேடி வரவழைக்க வேண்டும். 116, 122 எல்லாம் நின்றுபோய் வெகுநாள் ஆயிற்று. பெட்டீட்டும் வேனிட்டியும் 127.

ஏமாறுகிற இடங்கள்

மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் நல்ல பொருள் வரும். அதே வரிசையில், அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்த தேக்கு-பித்தளைக் கேமராக்களும் உட்கார்ந்திருக்கும். பார்க்க டிராபிகல் மாதிரியே இருக்கும். துருத்தி உண்மையில் நீளுகிறதா, ஷட்டர் தகடுகள் இருக்கின்றனவா, பின்னால் ஃபிலிமோ கண்ணாடித் தட்டோ செருக இடம் இருக்கிறதா என்று மூன்று சோதனை போதும். லென்ஸ் வளையத்தில் எழுத்தே இல்லாமல் வெறும் கண்ணாடி மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்று, சாதாரணக் கறுப்புக் கேமராவின் தோலை உரித்துச் சிவப்போ நீலமோ புதுத் தோல் ஒட்டி ‘அரிய வண்ண மாடல்’ என்று விற்பது. விளிம்பில் பசை பிதுங்கியிருக்கும், கம்பெனி முத்திரை அழுந்தியிருந்த இடம் மொட்டையாக இருக்கும். நிக்கல் முலாமை உரித்துப் பித்தளையாக்கி மினுக்கியதும் இதே ரகம். பார்ப்பவருக்கு அழகு. சேர்ப்பவருக்கு அது கெட்ட பொருள்.

நான் கெடுத்தது ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முதலில் வாங்கிய வெஸ்ட் பாக்கெட்டின் தோல் காய்ந்திருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தடவினேன். இரண்டு நாள் பளபளத்தது. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரத்தில் தோல் முழுக்க வெள்ளைப் பூசணம். துடைத்தால் மேல் நிறமும் சேர்ந்து வந்தது. அந்தக் கேமரா இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணெய், ஷூ பாலிஷ், பித்தளை மினுக்கும் திரவம் எதையும் பழைய கேமராவில் தொடவே தொடாதீர்கள். காய்ந்த மெத்துத் துணியும் நுனி மெலிந்த தூரிகையும் போதும்.

விலை பேசுவது

கறுப்பு மடக்குக் கேமராக்கள் வெளிநாட்டு ஏலத் தளங்களில் 20 முதல் 50 டாலருக்குள் ஏராளமாக விற்கின்றன. வண்ணக் கேமரா அதைப்போலப் பல மடங்கு போகும். வண்ண உடலோடு அதே வண்ணத் துருத்தி இருந்தால் இன்னும் மேலே. உறை, பெட்டி, லிப்ஸ்டிக் குழல் எல்லாம் சேர்ந்த முழு செட் பல நூறு டாலர். வெறும் பெட்டி தனியாக வந்தாலும் வாங்கி வையுங்கள். கேமரா பின்னால் கிடைக்கும், பெட்டி கிடைக்காது.

தளத்தில் யார் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து மயங்க வேண்டாம். அது அவர்களின் ஆசை. ‘விற்று முடிந்தவை’ என்று பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதில் ஒரே மாடலின் பத்து விற்பனையை நோட்டில் எழுதுங்கள். நிறம், துருத்தி, உறை, விலை என்று நான்கு பத்தி போட்டு எழுதினால் எதற்காக விலை தாவுகிறது என்று தானே விளங்கும். இந்த நோட்டுதான் உங்கள் முதல் முதலீடு. ஒரு மாதம் எழுதிய பிறகு பர்ஸைத் திறங்கள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலும் மார்த்தாண்டத்திலும் பழைய சாமான் கடைக்காரர்களிடம் பேரம் பேசும்போது, பொருளில் இருக்கும் குறையைச் சொல்லிக் குறையுங்கள், பொருளையே மட்டம் தட்டாதீர்கள். அப்புறம் இன்னொரு கேமரா வந்தால் அவர் உங்களுக்குத்தான் போன் செய்ய வேண்டும். நல்ல பொருள் பெரும்பாலும் மூடிய ஸ்டூடியோக்களிலிருந்தும், சிலோன், மலேயா போய் வந்த குடும்பங்களிலிருந்தும் வரும். வீட்டில் வாங்கும்போது உண்மை மதிப்பைச் சொல்லியே வாங்குங்கள். வயதான ஒருவரிடம் எடைக் கணக்கில் வாங்கி வந்த கேமராவை என்னால் அலமாரியில் வைத்துப் பார்க்க முடியாது.

இடவப்பாதியும் துலாவர்ஷமும்

எங்கள் ஊரில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். காற்றில் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ஃபங்கஸ் கிளம்பும், இங்கே மாதக்கணக்கில் அதற்கு மேலேயே நிற்கும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு 40-லிருந்து 50-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். அரிசிப் பானைக்குள் வைப்பதைச் சிலர் சொல்வார்கள். அரிசித் தூசி துருத்தி மடிப்பில் புகும், எறும்பும் வரும்.

தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்காக உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாதி விலை அதில்தான் இருக்கிறது. கேமராவைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து, ஷட்டரை நாலு தடவை அடித்து, காற்றாட வைத்து மூடுங்கள். லென்ஸை வெயிலில் காட்டினால் ஃபங்கஸ் அடங்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வண்ணக் கேமராவை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், நிறம் போனால் திரும்பாது.

வெளிநாட்டுக்கு விற்கும் முன்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, கலையையோ அறிவியலையோ காட்டும் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளும் தொல்பொருள் கணக்கில் வரலாம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. 1912-ன் வெஸ்ட் பாக்கெட்டும் 1903-ன் 3ஏ-யும் நூறைக் கடந்துவிட்டன. 1930 வண்ணக் கேமராக்களுக்கு இன்னும் சில ஆண்டு இருக்கிறது. எதுவானாலும் பார்சல் கட்டுவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒரு கேமரா கைக்கு வந்த அன்றே, யாரிடமிருந்து, எந்த ஊரில், அவர்களுக்கு எப்படி வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். ஆவணத்தோடு வரும் கேமராவுக்கு வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பார். பாறசாலை மாமியிடம் விவரமெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விற்க வேண்டாம் என்று முடிவு செய்தார். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு கொடுத்து, துணியை மாற்றிப் புது டப்பாவில் வைத்தோம். அம்மாவின் பெயர், ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த வருஷம், கேமரா கொடுத்த வெள்ளைக்கார அம்மாவின் பெயர் என்று மாமி நாலு வரி எழுதினார். அந்தச் சீட்டை டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.